நினைவகம் நிரம்பும் நேரம்

1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிளேஸ்டேஷனின் செயலி விநாடிக்கு 3,38,68,800 முறை துடித்தது. கடிகார வேகத்தை யாரும் இப்படிச் சில்லறையோடு சொல்வதில்லை. 33 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் விஷயமே அந்தச் சில்லறையில்தான் இருக்கிறது. அந்த எண்ணை 768ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 44,100 வரும். பாட்டு சிடியில் ஒரு விநாடி இசை எத்தனை மாதிரிகளாகப் பதிவாகிறதோ அதே எண். கணக்குப் போட ஒரு சில்லு, படம் வரைய ஒரு சில்லு, ஒலிக்கு ஒரு சில்லு என்று உள்ளே பல இருந்தாலும், செயலியும் ஒலிச் சில்லும் சிடியின் தாளத்துக்கே இயங்கின.

பிளேஸ்டேஷன் வரிசை என்றாலே செயலியின் வேகம், படத்தின் துல்லியம், விற்ற எண்ணிக்கை என்றுதான் பேச்சு போகும். பேசத் தகுந்த எண்ணிக்கைதான். முதல் கருவி 10 கோடியைத் தாண்டி விற்றது. வீட்டில் வைத்து விளையாடும் எந்தக் கருவியும் அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டதில்லை. இரண்டாவது கருவி 15.5 கோடியைத் தாண்டியது. ஆனால் முப்பது ஆண்டுகளாக இந்த வரிசையின் பொறியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு. வட்டில் கிடக்கும் தரவு எவ்வளவு நேரத்தில் செயலியின் கைக்கு வந்து சேரும்? கணக்குப் போடுவது சுலபம். கணக்குக்கு வேண்டிய எண்களைத் தக்க நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஐந்து தலைமுறைக் கருவிகளையும் இந்த ஒரு கேள்வியோடு பார்த்தால், அவற்றின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

எந்த விளையாட்டுக் கருவியிலும் தரவு இரண்டு இடங்களில் இருக்கும். வட்டு பெரியது, மெதுவானது. ஊர்க் குளம் மாதிரி. நினைவகம் சிறியது, வேகமானது. வீட்டுத் தொட்டி மாதிரி. செயலி குளத்தில் நேரடியாக மொள்ள முடியாது. தொட்டியில் இருப்பதை மட்டுமே எடுக்கும். குளத்திலிருந்து தொட்டிக்கு வரும் குழாய் எவ்வளவு பருமன் என்பதுதான் கேள்வி. இதை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு: காலியான நினைவகத்தை வட்டிலிருந்து முழுவதும் நிரப்ப எத்தனை விநாடி ஆகும்? முதல் பிளேஸ்டேஷனில் நினைவகம் 2 மெகாபைட். சிடி விநாடிக்கு 300 கிலோபைட் தந்தது. ஏறக்குறைய 7 விநாடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடி ஏன் உள்ளே வந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. சோனியில் பொறியாளராக இருந்த கென் குதராகி, தன் மகள் விளையாடிய நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவியின் ஒலி மட்டமாக இருக்கிறதே என்று கவனித்தவர். பிறகு நின்டென்டோவின் அடுத்த கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒலிச் சில்லை வடிவமைத்துக் கொடுத்தார். விளையாட்டுக் கருவிகளைப் பொம்மை என்று பார்த்த சோனி நிர்வாகத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. தலைவர் நோரியோ ஓகா மட்டும் அவருக்குத் துணை நின்றார். அந்த உறவின் தொடர்ச்சியாகத்தான் சூப்பர் ஃபேமிகாமோடு சிடி இயக்கியை இணைக்கும் திட்டம் பிறந்தது. 1991 ஜூனில் சிகாகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், தங்கள் கூட்டாளி ஃபிலிப்ஸ் என்று நின்டென்டோ அறிவித்தது. சிடியில் வரும் விளையாட்டுகளின் உரிமை சோனியிடம் போய்விடும் என்று ஒப்பந்தத்தைப் படித்தபின் நின்டென்டோவுக்கு ஏற்பட்ட அச்சமே காரணம். கோபத்தில் சோனி கைகழுவியிருக்கலாம். ஓகாவும் குதராகியும் தனியே ஒரு கருவி செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

நின்டென்டோ தன் அடுத்த கருவியிலும் கார்ட்ரிட்ஜையே வைத்துக்கொண்டது. அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார்ட்ரிட்ஜில் தரவு சில்லுக்குள்ளேயே இருக்கிறது, கேட்டவுடன் கிடைக்கும். ஆனால் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. நின்டென்டோ 64இன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 மெகாபைட்தான். சிடியில் ஏறக்குறைய 650 மெகாபைட் கொள்ளும், அச்சடிக்கவும் சல்லிசு. 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி VII மூன்று சிடிகளில் வந்தது. அதுவரை நின்டென்டோவுக்கே விளையாட்டுகள் செய்துவந்த ஸ்கொயர் நிறுவனம் சோனி பக்கம் வந்ததற்கு இந்த இடவசதி முக்கியமான காரணம். இடத்துக்கு விலையாக வேகத்தைக் கொடுத்தார்கள். அந்த விலையை எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

அதற்கு முன் பிளேஸ்டேஷனின் கறுப்பு வட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு நிறம் வெறும் அழகுக்கு; சிடியைப் படிக்கும் லேசர் அகச்சிவப்புக் கதிர் என்பதால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அதற்குக் கண்ணாடி மாதிரித்தான். சூட்சுமம் தடத்தில் இருந்தது. சிடியின் மேல் நுண்குழிகள் 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரே சுருள் தடமாக ஓடுகின்றன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. லேசர் தடத்தைவிட்டு விலகாமல் இருக்க, சர்வோ என்ற இயக்கி அதை ஓயாமல் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்கும். பிளேஸ்டேஷன் வட்டின் தொடக்கப் பகுதியில் மட்டும், தடத்தையே வேண்டுமென்று மிக மெல்லிய நெளிவோடு அச்சடித்தார்கள். நெளிவைப் பின்தொடர சர்வோ ஆடும். அந்த ஆட்டத்தையே கருவி எழுத்துகளாகப் படித்துக்கொள்ளும். ஜப்பான் வட்டில் நான்கு எழுத்து, அமெரிக்க வட்டில் வேறு நான்கு, ஐரோப்பிய வட்டில் வேறு நான்கு. எழுத்து பொருந்தினால்தான் விளையாட்டு தொடங்கும். சாதாரண சிடி ரைட்டர் குழிகளில் உள்ள தரவை நகலெடுக்கும். தடத்தின் நெளிவை நகலெடுக்க அதற்கு வழியே இல்லை. அந்தப் பூட்டை வட்டில் உடைக்க முடியாதவர்கள் கருவியில் உடைத்தார்கள். உள்ளே ஒரு சிறு சில்லைப் பற்றவைத்து, அந்த நான்கு எழுத்துகளையும் பொய்யாக அனுப்ப வைத்தார்கள். சென்னை பர்மா பஜாரில் ‘சிப் போட்ட செட்’ என்று விற்றது இதைத்தான்.

இனி அந்த ஏழு விநாடிக்கு வருவோம்.

முதல் நாளே வெளியான ரிட்ஜ் ரேசர், பிரச்சினையைப் பக்கவாட்டில் தாண்டியது. கார்ப் பந்தயம் முழுவதையும் அந்த 2 மெகாபைட்டுக்குள் அடக்கிவிட்டது. ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு பாட்டுக்கு மட்டுமே வட்டு தேவை. விளையாட்டின் சிடியை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டு சிடியைப் போட்டுக் கார் ஓட்டலாம். ஏற்றும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம் என்று கேலக்ஸியன் என்ற பழைய விளையாட்டைத் திரையில் ஓடவிட்டார்கள். காத்திருக்கும்போது ஆட இன்னொரு சிறு விளையாட்டு என்ற இந்த எண்ணத்துக்கு, ரிட்ஜ் ரேசரைச் செய்த நாம்கோ நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டது. அது 2015இல் காலாவதியாகும்வரை மற்றவர்கள் அந்த வழிக்குப் போகத் தயங்கினார்கள். 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவில் வேறு வழி கண்டது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதெல்லாம் திரை இருண்டு, ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். பயத்தைக் கூட்டிய அந்தக் கதவின் வேலை, அடுத்த அறையின் தரவு வட்டிலிருந்து வரும்வரை நேரத்தைக் கடத்துவது.

இவர்கள் காத்திருப்பை மறைத்தார்கள். கிராஷ் பேண்டிகூட் செய்த குழு காத்திருப்பையே ஒழிக்கப் பார்த்தது. கலிஃபோர்னியாவின் நாட்டி டாக் நிறுவனத்தில் ஆண்டி கேவினும் ஜேசன் ரூபினும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. காட்டுப் பாதையில் ஓடும் அந்த விலங்கைச் சுற்றி இலை, கொடி, பாறை என்று எதிலும் குறை வைக்கக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். அப்படிச் செய்தால் ஒரு கட்டத்தின் தரவு நினைவகத்தைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். கேவின் கட்டம் முழுவதையும் 64 கிலோபைட் பக்கங்களாக வெட்டினார். வீரன் பாதையில் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்து, அடுத்து தேவைப்படும் பக்கத்தை முன்கூட்டியே வட்டிலிருந்து வரவழைத்து, பின்னால் விட்டுவந்த பக்கத்தின் இடத்தில் வைப்பார். ஒரு பக்கம் வர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் லேசர் தலை வட்டில் வேறிடத்துக்கு நகர வேண்டியிருந்தால், தேடிப் போவதற்கே நூற்றுக்கணக்கான மில்லி விநாடி போய்விடும். 0.3 விநாடி என்றால் செயலியின் கணக்கில் 1 கோடி துடிப்பு. அதனால் எந்தப் பக்கத்துக்கு அடுத்து எந்தப் பக்கம் வட்டில் இருக்க வேண்டும் என்பதையும் கணினியை ஓடவிட்டுத் தீர்மானித்தார்கள்.

பாதை குறுகலாக இருந்ததும் இந்தக் கணக்கின் பகுதிதான். கேமரா ஒரே தடத்தில் மட்டும் நகரும் என்று முடிவானால், ஒவ்வோர் இடத்திலும் எந்தெந்த முக்கோணங்கள் கண்ணில் படும், எதற்குப் பின்னால் எது என்பதை முன்பே கணித்து வைத்துவிடலாம். சிலிக்கன் கிராஃபிக்ஸ் பணிநிலையங்களில் மணிக்கணக்காகப் போட்ட கணக்கின் விடையைச் சிடியில் எழுதிவைத்தார்கள். விளையாடும் கருவி அந்த விடையைப் படித்தால் போதும். காட்டுப் பாதையின் அழகு என்று நாம் ரசித்தது, விநாடிக்கு 300 கிலோபைட் என்ற எண் வரைந்த பாதை.

இந்த ஏற்பாட்டைப் பார்த்த சோனி அதிகாரி கெல்லி ஃப்ளாக், ஆட்டம் முடிவதற்குள் எத்தனை முறை வட்டைத் தொடுவீர்கள் என்று கேட்டாராம். ஏறக்குறைய 1,20,000 என்று பதில் வந்தது. அந்த இயக்கி 70,000 முறைக்குத்தான் உத்தரவாதம் பெற்றிருந்தது. இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்து, விளையாட்டைச் சோனி ஏற்றுக்கொள்ளச் செய்தார் அவர் என்று கேவின் பின்னாளில் எழுதினார். கிராஷின் தயாரிப்பை மேற்பார்த்தவர் பெயர் மார்க் செர்னி. அவரும் பிறகு வருவார்.

முதல் பிளேஸ்டேஷனில் விளையாடியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தரையில் பதித்த கட்டம் கிட்டே வரும்போது வளைந்து நெளியும். சுவரின் விளிம்பு நடுங்கும். இதைக் கருவியின் பலவீனம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது மிகத் தெளிவான ஒரு பேரம் என்றே படுகிறது. முப்பரிமாணக் காட்சியில் தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும். ஒரு முக்கோணத்தின் மேல் படத்தைப் போர்த்தும்போது, அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தால் வகுத்தால்தான் படம் சரியாக உட்காரும். வகுத்தல் மெதுவான கணக்கு. பிளேஸ்டேஷன் முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கு மட்டும் வகுத்தது. இடைப்பட்ட புள்ளிகளைச் சீராகப் பகிர்ந்து நிரப்பியது. அதனால் பெரிய முக்கோணங்களில் படம் கோணியது. முனைகளின் இடத்தையும் முழுப் புள்ளிகளாகவே கொடுத்தது, புள்ளிக்குள் பின்னம் கிடையாது. அதனால் விளிம்பு தாவித் தாவி நடுங்கியது.

எது முன்னால், எது பின்னால் என்பதற்கும் இதே பேரம்தான். ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் தனியே எழுதிவைக்கலாம். 320க்கு 240 திரையில் புள்ளிக்கு 2 பைட் என்றால் 150 கிலோபைட் ஆகும். படத்துக்கென்று இருந்த மொத்த நினைவகமே 1 மெகாபைட். அதில் காட்டும் திரை ஒன்று, வரைந்துகொண்டிருக்கும் திரை ஒன்று, மீதியில் போர்த்த வேண்டிய படங்கள் எல்லாம். இடம் போவதோடு, ஒவ்வொரு புள்ளியை வரையும்போதும் ஆழத்தைப் படிக்கவும் எழுதவும் நினைவகத்துக்குக் கூடுதலாக இரண்டு நடை. அது வேண்டாம் என்று, முக்கோணங்களைத் தூர வரிசையில் அடுக்கி, பின்னால் உள்ளதை முதலில் வரைந்து முன்னால் உள்ளதை அதன் மேல் வரைந்தார்கள். ஓவியர்கள் பின்னணியை முதலில் தீட்டுகிற அதே முறை. இன்று பல இளம் படைப்பாளிகள் அந்த நெளிவையும் நடுக்கத்தையும் புதிய கணினிகளில் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். அதைச் செய்ய அந்தக் கணினிகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

2000 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியோடு வந்தது. அதன் செயலியின் வேகத்தையும் சில்லறையோடு எழுதினால் 29,49,12,000. அதை 6,144ஆல் வகுத்தால் டிவிடி ஒலியின் 48,000. வீட்டில் படம் பார்க்க டிவிடி பிளேயர் வேண்டும் என்று வாங்கியவர்களும் ஏராளம். நம் கணக்கைப் போட்டால், 32 மெகாபைட் நினைவகம், விநாடிக்கு ஏறக்குறைய 5.3 மெகாபைட், 6 விநாடி. பழைய கருவியைவிட ஒரு விநாடி குறைவு.

உள்ளே குதராகி குழுவின் சிந்தனை துணிச்சலானது. படச் சில்லுக்குள்ளேயே 4 மெகாபைட் நினைவகத்தைப் பதித்தார்கள். அளவைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த நினைவகத்துக்கும் படம் வரையும் பகுதிக்கும் இடையே 2,560 பிட் அகலமுள்ள பாதை இருந்தது. விநாடிக்கு 48 ஜிபி. படங்களைச் சேமித்து வைப்பதற்கு அவர்கள் அந்த 4 மெகாபைட்டைக் கொடுக்கவில்லை. படங்கள் முதன்மை நினைவகத்திலிருந்து ஓயாமல் வந்து, வரையப்பட்டு, அடுத்ததற்கு இடம்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஓட்டத்தை அறுபடாமல் நடத்தத் தெரிந்தவர்களின் கையில் கருவி மின்னியது. தெரியாதவர்கள் தடுமாறினார்கள். பழைய பிளேஸ்டேஷனின் செயலியையும் உள்ளே வைத்து, உள்ளீடு வெளியீட்டு வேலைக்கு அமர்த்தினார்கள். பழைய வட்டைப் போட்டால் அதுவே முதன்மைச் செயலியாகிவிடும். கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த பழைய விளையாட்டுகள் செல்லாக்காசாகாமல் பார்த்துக்கொண்ட நல்ல முடிவு அது.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இல் அதே சிந்தனை எல்லைவரை போனது. சோனி, ஐபிஎம், தோஷிபா மூன்றும் சேர்ந்து டெக்சாஸின் ஆஸ்டினில் வடிவமைத்த செல் என்ற செயலி அதன் இதயம். சாதாரணச் செயலிகளில் கேஷ் என்ற சிறு நினைவகம் உண்டு. அடிக்கடி தேவைப்படும் தரவை அது தானாகவே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். நிரல் எழுதுபவருக்கு நினைவகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. செல் அந்தத் திரையை விலக்கிவிட்டது. ஒரு முதன்மைச் செயலியைச் சுற்றி எட்டுத் துணைச் செயலிகள். தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சில்லு வீணாகக் கூடாது என்று ஏழு மட்டுமே இயக்கப்பட்டன, விளையாட்டுகளுக்கு ஆறு. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கிலோபைட் இடம். அந்த இடத்துக்குள் என்ன வரவேண்டும், எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் எல்லாவற்றையும் நிரலாளரே எழுத வேண்டும். ஒரு துண்டைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டு வந்து சேரும்படி ஏற்பாடு செய்தால், துணைச் செயலி ஒரு கணமும் சும்மா இருக்காது.

விஞ்ஞானிகளுக்கு இது பிடித்துப்போனது. அவர்கள் கணக்குகள் ஒழுங்கான வரிசைகளில் வருபவை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007இல் எட்டு பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்துக் கருந்துளைகள் பற்றிய கணக்குகளைப் போட்டார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,700க்கும் மேற்பட்ட கருவிகளை அடுக்கி 2010இல் ஒரு மீக்கணினியே செய்தது. புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் ஃபோல்டிங்@ஹோம் திட்டத்துக்கு, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் பிளேஸ்டேஷன் 3இன் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்கள். செல் செயலியின் மேம்பட்ட வடிவம் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரோட்ரன்னர் கணினிக்குள் போனது. விநாடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள் என்ற எல்லையை 2008இல் முதலில் தாண்டிய கணினி அதுதான்.

விளையாட்டு செய்பவர்கள் பட்ட பாடு வேறு. அவர்கள் கணக்கு ஒழுங்கான வரிசையில் வருவதில்லை. வீரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று யாருக்குத் தெரியும்? நம் கணக்கும் இங்கேதான் கெட்டது. 512 மெகாபைட் நினைவகம், புளூரே வட்டு விநாடிக்கு 9 மெகாபைட். நிரப்ப ஏறக்குறைய ஒரு நிமிடம். தொட்டி பதினாறு மடங்கு பெருத்தது, குழாய் இரண்டு மடங்குகூடப் பெருக்கவில்லை. அதனால்தான் பல விளையாட்டுகள் முதலில் ஹார்ட் டிஸ்கில் தரவை நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகே ஆட விட்டன. விலையும் அமெரிக்காவில் 599 டாலர்வரை போனது. இந்தக் கருவிக்குப் பிறகு குதராகி பொறுப்பிலிருந்து விலகினார். செல்லைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதிலிருந்தே நிரலை யோசிக்கத் தொடங்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு தலைமுறை நிரலாளர்கள் அதில்தான் கற்றார்கள். இன்சோம்னியாக் நிறுவனத்தில் இருந்த மைக் ஆக்டன் போன்றவர்கள் அந்தப் பாடத்தைப் பின்னர் மேடை மேடையாகச் சொன்னார்கள். சாதாரணச் செயலிகளுக்கு எழுதும் நிரலும் அதனால் வேகம் பெற்றது.

செர்னி மறுபடி வருவது இங்கே. பதின்ம வயதிலேயே அட்டாரிக்காக மார்பிள் மேட்னஸ் விளையாட்டை வடிவமைத்தவர், பிறகு கிராஷ். பிளேஸ்டேஷன் 4இன் தலைமை வடிவமைப்பாளராகப் பொறுப்பேற்றதும் அவர் முதலில் செய்தது, விளையாட்டு செய்யும் குழுக்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. அவர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். புதிய கருவி கைக்கு வந்ததிலிருந்து, திரையில் படம் வரையும் அடிப்படை நிரல் எழுதி முடிக்க எவ்வளவு காலம்? முதல் பிளேஸ்டேஷனுக்கு ஒன்றிரண்டு மாதம். இரண்டாவதற்கு மூன்று முதல் ஆறு. மூன்றாவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு. நான்காவதில் அதை மறுபடி ஒன்றிரண்டு மாதத்துக்குக் கொண்டுவந்தார். கணினிகளில் இருப்பது போன்ற செயலி, எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக ஒரே 8 ஜிபி வேக நினைவகம். 2013இல் வந்த இந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடிவமைத்தவரின் நோக்கமே, கருவி யாருக்கும் புதிராக இருக்கக் கூடாது என்பதுதான்.

ஆனால் குழாய் தொட்டிக்கு ஈடாகப் பெருக்கவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து 1 ஜிபி வர ஏறக்குறைய 20 விநாடி என்பது செர்னியே சொன்ன கணக்கு. 8 ஜிபிக்கு 160 விநாடி. முதல் கருவியின் ஏழு விநாடி எங்கே, இது எங்கே? இருபது ஆண்டு முன்னேற்றத்தில் ஒவ்வொரு சில்லும் வேகம் பெற்றது. காத்திருப்பு மட்டும் இருபது மடங்குக்கும் மேல் கூடியது. 2018இல் வந்த ஸ்பைடர்மேன் விளையாட்டில் நியூயார்க் தெருக்களில் வீரன் பறந்துகொண்டே இருப்பான். அடுத்தடுத்த தெருக்களின் தரவு ஓயாமல் வர வேண்டும். படிக்கும் தலை வட்டில் அங்குமிங்கும் தேடினால் நேரம் வீணாகும் என்று, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டிய அத்தனையையும் ஒரே இடத்தில் அடுக்கினார்கள். தெருவோரத் தபால் பெட்டி எல்லா வட்டாரத்திலும் உண்டல்லவா? அதனால் தபால் பெட்டி போன்ற சில பொருட்களின் தரவு ஒரே ஹார்ட் டிஸ்கில் 400 முறை எழுதப்பட்டிருந்தது. கிராஷின் பக்கங்களை வட்டில் அடுக்கிய அதே வேலை, பெரிய அளவில்.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் செர்னி கைவைத்தது இதில்தான். சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி என்பதோடு அவர் நிற்கவில்லை. கணினியில் எஸ்எஸ்டி போட்டவர்களுக்குத் தெரியும்: இயக்கி பத்து மடங்கு வேகமானாலும், விளையாட்டு ஏறும் நேரம் பாதிகூடக் குறையாமல் போகலாம். வந்து சேரும் தரவு சுருக்கப்பட்டிருக்கும். அதை விரிக்க வேண்டும், சரியான இடத்தில் வைக்க வேண்டும், பழைய நகல்களைத் துடைக்க வேண்டும். குழாயின் வாய் பெருத்தால் நெரிசல் அடுத்த வளைவுக்குப் போய்விடும். அந்த ஒவ்வொரு வளைவுக்கும் தனிச் சில்லுப் பகுதி வடிவமைத்தார்கள். சுருக்கிய தரவை விரிக்கும் பகுதியை மட்டும் சாதாரணச் செயலியால் ஈடுகட்ட ஒன்பது கோர்கள் வேண்டும். கருவியின் மொத்தச் செயலியிலேயே இருப்பது எட்டு. இப்போது விநாடிக்கு 5.5 ஜிபி. 16 ஜிபி நினைவகம் நிரம்ப 3 விநாடி. சுருக்கிய தரவானால் 2 விநாடி. முதல் கருவியின் ஏழு விநாடியைவிடத் தெளிவாகக் குறைந்தது இந்த முறைதான். தலை நகர வேண்டிய தேவை இல்லாததால் தபால் பெட்டியும் ஒரே முறை எழுதினால் போதும் என்றாயிற்று.

இதன் பலன் கடிகாரத்தில் மட்டும் இல்லை. தரவு வரும்வரை வீரனை நிறுத்திவைக்க லிஃப்ட், நெளிந்து போகும் குகை, இறுகிய பாறையிடுக்கு என்று வடிவமைப்பாளர்கள் இத்தனை காலம் கட்டிவந்தார்கள். 2021இல் இன்சோம்னியாக் செய்த ராட்செட் அண்ட் கிளாங்க் விளையாட்டில், வீரன் காற்றில் ஒரு கிழிசல் வழியாகத் தாவினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறோர் உலகத்தில் நிற்கிறான். அந்தக் காட்சியை முன்பு யாரும் கற்பனை செய்யவில்லை என்பதல்ல. கேட்டால் தர முடியாது என்று தெரிந்து, யாரும் கேட்கவில்லை.

இப்போது நெரிசல் இன்னும் உள்ளே போயிருக்கிறது. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிட்டு வரையும் முறையில், ஒரு கதிருக்கு வேண்டிய தரவும் அடுத்த கதிருக்கு வேண்டியதும் நினைவகத்தில் சிதறிக் கிடக்கின்றன. கிராஷுக்குச் செய்தது போல முன்கூட்டியே அடுக்கிவைக்க வழியில்லை. பிளேஸ்டேஷன் 5இன் நினைவகம் விநாடிக்கு 448 ஜிபி தருகிறது. 2024இல் வந்த ப்ரோ வடிவம் 576. போதவில்லை. 2025 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து செர்னி தங்கள் அடுத்த ஆய்வுகளை விளக்கினார். அவற்றில் ஒன்று, படச் செயலியிலிருந்து நினைவகத்துக்குப் போகும் எல்லாத் தரவையும் வழியிலேயே பரிசோதித்து, முடிந்த இடத்திலெல்லாம் சுருக்கி அனுப்பும் ஏற்பாடு. இப்போதுள்ள கருவிகளில் போர்த்தும் படங்கள் போன்ற சில வகைத் தரவுக்கு மட்டுமே அந்த வசதி. அன்றைக்கு அது சில்லாகவில்லை. கணினியில் போட்டுப் பார்க்கும் மாதிரியாகவே இருந்தது.